சென்ட்ரலில் தொடங்கி ராயபுரம் வரை: வடசென்னை மண்டபங்கள்

2024 செப்டம்பர் 13, வெள்ளி. சென்ட்ரல், பூங்கா நகர்

காலை ஒன்பதரைக்கே சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. செப்டம்பர் சென்னை இப்படித்தான் இருக்கும். பகலெல்லாம் சித்திரை வெயில், சாயங்காலம் இடி. பழைய கட்டடங்களைச் சுற்ற வருகிறவர்கள் காலை ஏழு முதல் பத்து, மறுபடி மூன்றரை முதல் ஆறு என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுப்பகலைச் சாப்பாட்டுக்கும் நிழலுக்கும் விட்டுவிடலாம்.

சென்ட்ரல் மெட்ரோவில் இறங்கி வெளியே வந்தால் பெரியார் ஈ.வெ.ரா. சாலை ஓரமாகச் சென்ட்ரல் நிலையம், விக்டோரியா பொது மண்டபம், ரிப்பன் மாளிகை மூன்றும் பத்து நிமிட நடைக்குள் அடங்கிவிடும். நிலையம் சிவப்பு, மண்டபம் செங்கல் நிறம், மாளிகை வெள்ளை. மூன்றும் தெற்கு பார்த்து நிற்பவை என்பதால் முகப்பில் வெயில் விழ அதிகம் காத்திருக்க வேண்டியதில்லை. சாலையின் எதிர்ப்புறத்துக்குச் சுரங்கப்பாதை வழியாகப் போய்விடுவதே பாதுகாப்பு. மேலே குறுக்கே ஓட முயல்கிறவர்களைப் பேருந்துகள் தயவு பார்ப்பதில்லை.

ரிப்பன் மாளிகைக்கு 1909 டிசம்பரில் மிண்டோ பிரபு அடிக்கல் நாட்டினார். 1913 நவம்பரில் திறந்தார்கள். வரைந்தவர் ஜி.எஸ்.டி. ஹாரிஸ், கட்டியவர் லோகநாத முதலியார், செலவு ஏழரை லட்ச ரூபாய். நீளம் 85 மீட்டர், அகலம் 32 மீட்டர், நடுக்கோபுரம் 43 மீட்டர். கோபுரக் கடிகாரம் சாவி கொடுத்து ஓடுவது. தினமும் சாவி கொடுக்க வேண்டும், கொடுக்காவிட்டால் நின்றுவிடும். இது மாநகராட்சி அலுவலகம், வேடிக்கை பார்க்கத் திறந்துவைத்த இடமில்லை. உள்ளே போக வாசலில் கேட்டுத்தான் ஆக வேண்டும். காவலுக்கு நின்றிருந்த பெரியவர், "இங்கயே நிழல்ல நின்னு பாரும்மா, கால் மணிக்கு ஒரு தபா மணி அடிக்கும்" என்று ஒரு பெண்ணுக்குத் தன் நாற்காலியை நகர்த்திக் கொடுத்தார்.

பக்கத்திலுள்ள விக்டோரியா பொது மண்டபம்தான் இன்றைக்கு முக்கியம். தகரத் தடுப்பும் சாரமுமாக இருந்தது. சீரமைப்பு நடந்துகொண்டிருந்தது, உள்ளே விடவில்லை. தடுப்புக்கு வெளியே நின்றாலே சதுரக் கோபுரமும், அதன் கூம்புக் கூரையும், சுட்ட மண் வேலைப்பாடும் தெரிந்தன. வடிவமைத்தவர் ராபர்ட் சிஷோம், கட்டியவர் நம்பெருமாள் செட்டியார். அடிக்கல் 1883இல் விழுந்தது. 1887இல் வந்த அரசியின் பொன்விழாதான் கட்டடத்துக்குப் பெயர் தந்தது. பம்மல் சம்பந்த முதலியாரின் சுகுண விலாச சபை நாடகம் போட்ட மேடை இது. 1897 பிப்ரவரியில் விவேகானந்தர் பேசியதும் இங்கேதான்.

அன்றைக்கு மைக் இல்லை, மின்விசிறி இல்லை. நூற்றுக்கணக்கானவர்கள் உட்கார்ந்த கூடத்தில் கடைசி வரிசைக்குக் குரல் போனது எப்படி? உயரமான கூரை, வரிசையாகச் சன்னல், கூரைக்குக் கீழே காற்றுத் துவாரம், வெயில் சுவரில் படாமல் சுற்றி வராந்தா. சூடான காற்று மேலே ஏறித் துவாரம் வழியே போகும், கீழே சன்னலில் புதுக்காற்று நுழையும். ஒலிக்கும் இதுவேதான் கணக்கு. திறந்த சன்னலில் விழும் ஒலி திரும்பி வராது. திறந்த சன்னல் தன்மேல் விழும் ஒலியை முழுசாக விழுங்கிவிடும். வெறும் காரைச் சுவரோ விழுகிற ஒலியில் பெரும்பங்கைத் திருப்பி அனுப்பிவிடும். மீதியை உட்கார்ந்திருக்கும் மனிதர்களின் துணியும் உடம்பும் வாங்கிக்கொள்ளும். பழைய மண்டபங்களில் குளிர்சாதனம் வைக்கச் சன்னல்களைக் கண்ணாடியால் அடைத்த பிறகு பேச்சு குழம்புவது இதனால்தான். அப்புறம் ஒலிபெருக்கியைக் கூட்டுவார்கள், குழப்பமும் கூடவே கூடும். சுவரில் துணித் திரை, கூரையில் துளையிட்ட பலகை என்று செலவழித்து, சன்னல் இலவசமாகச் செய்த வேலையைத் திரும்ப வாங்க வேண்டியிருக்கும். இந்த ஊரில் எந்த மண்டபத்துக்குள் போனாலும் முகப்பைப் பார்த்து முடித்ததும் கூரையையும் சன்னலையும் பாருங்கள். கட்டியவர்களின் புத்தி அங்கேதான் இருக்கிறது.

பின்னால் நேரு விளையாட்டரங்கம். இப்போதிருப்பது 1993இல் எழும்பியது. அதற்கு முன் இதே இடத்தில் இருந்த கார்ப்பரேஷன் ஸ்டேடியத்தில்தான் 1956 ஜனவரியில் நியூசிலாந்துக்கு எதிராக வினூ மன்கட்டும் பங்கஜ் ராயும் முதல் விக்கெட்டுக்கு 413 ஓட்டம் சேர்த்தார்கள். உள்ளரங்கத்தில் கச்சேரி, விழா ஏதாவது இருக்கும் நாளில் பெரியமேட்டுப் பக்கம் வண்டி நிறுத்த இடம் தேடுவது வீண். மெட்ரோவில் வந்து நடப்பதுதான் வழி.

மூர் மார்க்கெட் 1985 மே மாதம் எரிந்துபோனது. அந்த இடத்தில் புறநகர் ரயில் முனையம் நிற்கிறது. பழைய புத்தகக் கடைகளில் சில பக்கத்தில் அல்லிக்குளம் வளாகத்தில் உண்டு. பேரம் பேசினால் கோபிக்க மாட்டார்கள், பேசாவிட்டால்தான் ஏமாளி என்று நினைப்பார்கள்.

மதியம் பெரியமேட்டில் பிரியாணி. அரை பிளேட் 110 ரூபாய், கத்தரிக்காய்க் குழம்பும் வெங்காயத் தயிரும் கேட்கக் கேட்க வந்தது. ஐந்தரைக்கு இடி, ஆறுக்கு மழை, ஏழுக்குச் சாலையில் கணுக்கால் தண்ணீர்.

செப்டம்பர் 14, சனி. பாரிமுனை

காலையில் உயர் நீதிமன்ற மெட்ரோவில் இறங்கல். நேற்றைய மழையில் வானம் கழுவிவிட்டிருந்தது. சிவப்புச் செங்கல்லுக்கு இப்படிப்பட்ட வெளிச்சம் தோது.

உயர் நீதிமன்றம் 1892 ஜூலையில் திறக்கப்பட்டது. பிராசிங்டன் வரைந்ததை ஹென்றி இர்வின் முடித்தார். பெரிய கோபுரத்தின் உச்சியில் 1894 முதல் கலங்கரை விளக்கு எரிந்தது. மெரினாவில் புது விளக்கு வந்த பிறகு 1977இல் அணைத்தார்கள். அதற்கும் முந்தைய விளக்கு 1844ஐச் சேர்ந்தது. அது கல் தூணாக அதே வளாகத்தில் நிற்கிறது. அவசரத்தில் வருகிறவர்கள் அதைக் கொடித்தூண் என்று நினைத்துத் தாண்டிப் போகிறார்கள். 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் கப்பல் குண்டு போட்டதற்கான நினைவுக் கல் கடல் பார்த்த பக்கத்தில் இருக்கிறது. வளாகத்துக்குள் மத்தியத் தொழிற்பாதுகாப்புப் படையின் சோதனை உண்டு. அடையாள அட்டை இல்லாமல் போக வேண்டாம். கேமராப் பையைப் பார்த்தால் கேள்வி கூடும். ஆண்டில் ஒரு நாள் எல்லா வாசல்களையும் பூட்டிவிடுவதும் வழக்கம். பொதுவழி என்று எவரும் உரிமை கோரிவிடக் கூடாது என்பதற்காக.

எதிரே என்.எஸ்.சி. போஸ் சாலை. நடைபாதையில் பெல்ட், கைக்குட்டை, பூட்டு, சார்ஜர். அந்தக் கடைகளுக்கு மேலே தலையை உயர்த்தினால் பச்சையப்பன் மண்டபத்தின் தூண்கள். ஏதென்சின் தீசியஸ் கோயிலை முன்மாதிரியாக வைத்து எழுப்பி 1850இல் திறந்தது. நம்மவர் ஒருவரின் அறக்கட்டளைப் பணத்தில், நம்மவர் பிள்ளைகள் படிக்க, நம்மவர் கூட்டம் போட எழுந்த மண்டபம். கோட்டையையும் தேவாலயத்தையும் விட எனக்கு இது பெரிது. தூணின் முழு உயரத்தைப் பார்க்க எதிர்ச்சாரியில் நீதிமன்றச் சுவரோரம் நிற்க வேண்டும். பக்கத்தில் ஒய்.எம்.சி.ஏ. கட்டடம், முனையில் 1940இல் எழுந்த டேர் ஹவுஸ். தூண், வளைவு, நேர்கோட்டுக் கான்கிரீட் என மூன்று காலத்துக் கட்டடக்கலையும் சில நிமிட நடையில் வந்துவிடுகின்றன.

எஸ்பிளனேடு சாலைக்குத் திரும்பினால் ராஜா அண்ணாமலை மன்றம். 1943இல் தோன்றிய தமிழ் இசைச் சங்கத்தின் வீடு. மார்கழி இசைவிழாவில் தமிழ்ப் பாட்டை முன்னே நிறுத்தியதும், பண் ஆராய்ச்சிக்கு ஆண்டுதோறும் கூட்டம் கூட்டியதும் இந்தச் சங்கம். மயிலாப்பூர் சபாக்களைப் பற்றி எழுதுகிறவர்கள் இந்த மன்றத்தை ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். அது சரியில்லை. கடற்கரை ரயில் நிலையம், மெட்ரோ இரண்டும் நடக்கிற தூரத்தில் இருக்கும் வேறு பெரிய சபை ஊரில் எது? இரவு ஒன்பதரைக்கு நிகழ்ச்சி முடிந்தாலும் தண்டையார்பேட்டைக்காரரும் தாம்பரத்துக்காரரும் வீடு போய்ச் சேரலாம்.

நடுப்பகலில் தம்புச்செட்டித் தெரு, லிங்கிச்செட்டித் தெரு. பழைய கிடங்குகளின் உள்ளே நின்று அண்ணாந்தால் மெட்ராஸ் டெரஸ் என்ற கூரைத்தளம் தெரியும். கட்டைக்குத்து ஒட்டு என்றும் கொத்தனார்கள் சொல்வார்கள். சுவரிலிருந்து சுவருக்குத் தேக்குச் சட்டங்கள், ஒன்றுக்கொன்று ஒன்றரை அடி இடைவெளி. அதன்மேல் ஒரு அங்குலக் கனமுள்ள சின்னச் செங்கல்லை நெட்டுக்குத்தாக நிறுத்தி, மூலைவாக்கில் வரிசை பிடிப்பார்கள். ஒவ்வொரு வரிசையும் முந்தைய வரிசையில் சுண்ணாம்புக் காரையால் ஒட்டிக்கொண்டு நிற்கும், கீழே சாரப் பலகை தேவையில்லை. மேலே மூன்று அங்குலத்துக்குச் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும். அதைப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரத்தட்டியால் நாள்கணக்கில் அடிப்பார்கள். அடிக்கும்போது கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளிப்பார்கள். தட்டி மேலே எழும்பிக் குதித்தால் தளம் இறுகிவிட்டது என்று அர்த்தம். கடைசியில் தட்டையான ஓடு பதிப்பார்கள்.

நூறு ஆண்டு தாண்டி நிற்கிற இந்தத் தளம் கெடுவது மூன்று வழியில். முதலாவது, மழைநீர்க் குழாய் அடைப்பு. ஒரு பிளாஸ்டிக் பையும் கொஞ்சம் காய்ந்த இலையும் போதும், மாடியில் தண்ணீர் தேங்கிவிடும். இரண்டாவது, அரசமரக் கன்று. காக்கை எச்சத்தில் விழுந்த விதை கைப்பிடிச் சுவரின் வெடிப்பில் முளைக்கும். வெட்டினால் மறுபடி துளிர்க்கும், வேரோடு எடுக்க வேண்டும். மூன்றாவதுதான் மோசம். ஒழுகுகிறதென்று சிமெண்டு பூசுவது. சுண்ணாம்பு ஈரத்தை வாங்கி வெளியே விடும், சிமெண்டு விடாது. உள்ளே சிக்கிய ஈரம் சுவருக்குள் புதைந்திருக்கும் சட்டத்தின் நுனிக்குப் போகும். தேக்கு நடுவில் கல்லாட்டம் இருக்க, நுனி மக்கிப்போகும். வெளியே ஒன்றும் தெரியாது, ஒருநாள் பாதித்தளம் இறங்கிவிடும். சுவரோரம் சட்டத்தைச் சுற்றிக் கறுப்பு வட்டமும் உப்புப் பூத்ததும் தெரிந்தால் கீழே நிற்காதீர்கள்.

இதைப் பார்க்க விட்ட மளிகைக் கிடங்குக்காரர் மோர் கொடுத்தார், காசு வாங்கவில்லை. "மேல பாக்குறதுக்குன்னே வந்தீங்களா? எல்லாம் கீழ சரக்கத்தான் பாப்பாங்க" என்றார். தெருவில் தலைச்சுமைக்காரர்கள் "ஓரம், ஓரம்" என்று வந்தால் உடனே ஒதுங்க வேண்டும். அவர்களால் சட்டென்று நிற்க முடியாது, திட்டு விழுந்தால் அது நியாயமான திட்டு.

சாயங்காலம் மின்ட் தெரு. தட்டை முறுக்குக்கு நடுவில் வெள்ளரி, தக்காளி, பச்சைச் சட்டினி வைத்த முறுக்கு சாண்ட்விச் 50 ரூபாய். சுடச்சுட ஜிலேபி நூறு கிராம் 60. மழை இன்றைக்கு ஏமாற்றிவிட்டது, புழுக்கம் மட்டும்.

செப்டம்பர் 15, ஞாயிறு. அரண்மனைக்காரத் தெரு

கடைகள் மூடியிருப்பதால் முகப்புகளைப் பார்க்க ஞாயிறே நல்ல நாள். ஷட்டர்கள் கீழே, வண்டிகள் குறைவு, மேல்மாடி வளைவுகளும் மரச் சன்னல்களும் மறைவில்லாமல் தெரிகின்றன.

ஆர்மேனியத் தேவாலயத்தில் ஞாயிறு காலை ஒன்பதரைக்கு மணி அடிப்பார்கள். ஒன்பது இருபதுக்குள் உள்ளே இருங்கள். முதலில் 1712, இப்போதைய கட்டடம் 1772. மணிக்கூண்டு தனியாக நிற்கிறது, ஆறு மணிகள், ஒவ்வொன்றும் சுமார் 150 கிலோ. கயிறு இழுக்கிறவருக்குத் தோள் பலம் வேண்டும். கூண்டை ஒட்டி நின்றால் காது அடைத்துவிடும். முற்றத்தின் நுழைவாயில் பக்கம் வந்து நின்றால் ஆறின் குரலும் பிரிந்து கேட்கும். உலகின் முதல் ஆர்மேனிய இதழை 1794இல் இந்த ஊரில் அச்சிட்ட ஷ்மாவோனியன் பாதிரியாரின் கல்லறை முற்றத்தில் இருக்கிறது. காலணியோடு கல்லறைக் கற்கள் மேல் நடந்துவிடாமல் பார்த்து நடக்கவும், தரையோடு தரையாகப் பதித்திருக்கிறார்கள்.

அதே தெருவில் கோகலே மண்டபம். அன்னி பெசன்ட் முன்னின்று எழுப்பியது. 1915இல் மறைந்த கோபாலகிருஷ்ண கோகலேயின் பெயர். தன்னாட்சி இயக்கத்தின் குரல் இங்கே ஒலித்தது, பின்னாளில் பெரிய வித்வான்கள் பாடினார்கள். இடிக்கத் தொடங்கிப் பாதியில் நின்றுபோன கட்டடம் அது. ஒரு பகுதி போய்விட்டது. பார்க்க மனசு கனக்கிறது. கூரை திறந்த செங்கல் சுவரை மழை மேலிருந்து தின்னும். சுவர் உச்சியில் சாய்வாகச் சுண்ணாம்புக் காரை பூசி மூடினாலே ஆயுள் கூடும். பெரிய செலவில்லாத முதலுதவி அது. மீட்டெடுப்பது பற்றிப் பேசுகிறவர்கள் அதைத்தான் முதல் வாரத்தில் செய்ய வேண்டும். உள்ளே நுழைய முயல வேண்டாம்.

ராஜாஜி சாலையில் சிஷோமின் தலைமை அஞ்சலகமும் (1884) பாரத ஸ்டேட் வங்கியின் பழைய கட்டடமும் கிழக்கு பார்த்தவை. இவற்றுக்குக் காலை வெயில்தான் வெயில். பதினொன்றுக்கு மேல் முகப்பு நிழலில் இருண்டுவிடும், படம் சரிப்படாது.

பிற்பகலில் திட்டம் கலைந்தது. பிள்ளையார் சிலைகளைக் கடலில் கரைக்கும் ஊர்வலம் காசிமேட்டை நோக்கிப் போக, வடக்கே போகிற பேருந்து நின்ற இடத்திலேயே நின்றது. நடத்துநர் "இறங்கி நடந்துருங்க சார், நான் எப்போ போவேன்னு எனக்கே தெரியாது" என்று உள்ளதைச் சொன்னார். இந்த நாட்களில் மண்ணடியிலோ வண்ணாரப்பேட்டையிலோ மெட்ரோ ஏறிவிட வேண்டும், சாலையை நம்பக் கூடாது.

ராயபுரத்தை நாளைக்குத் தள்ளிவிட்டு செகண்ட் லைன் பீச்சில் அத்தோ. பர்மாவிலிருந்து திரும்பியவர்கள் கொண்டுவந்த சாப்பாடு. மஞ்சள் நூடுல்ஸில் துருவிய முட்டைக்கோஸ், வெங்காயம், புளித்தண்ணீர், பூண்டெண்ணெய், மிளகாய்த் தூள், பேஜோ என்னும் மொறுமொறுப்பான பொரித்த துண்டை நொறுக்கி, எல்லாம் போட்டுக் கையால் பிசைந்து தருவார்கள். கூடவே வாழைத்தண்டு சூப். அத்தோ 80 ரூபாய், சூப் மறுமுறைக்குக் காசில்லை. அவித்த முட்டையைப் பிளந்து வறுத்த வெங்காயம் வைத்தது 20. காரம் குறைவாக வேண்டுமென்றால் பிசையத் தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள். மண்ணடித் தெருக்களில் மிலாதுநபிக்குத் தோரண விளக்குகள் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஏணி வைக்க இடம் விட்டு இரண்டு பக்கமும் வண்டிகள் பொறுமையாக நின்றன, ஒரு ஹாரன்கூட இல்லை.

செப்டம்பர் 16, திங்கள். ராயபுரம்

கடற்கரை நிலையத்திலிருந்து புறநகர் ரயிலில் ராயபுரத்துக்கு 5 ரூபாய். தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856 ஜூலை 1 அன்று வாலாஜா ரோடுக்குப் புறப்பட்டது இங்கிருந்துதான். நிலையத்தை ஹாரிஸ் பிரபு அதற்கு மூன்று நாள் முன்பு திறந்துவைத்தார். முதலில் எழுந்தவற்றில் இன்றும் நிற்கும் நிலையக் கட்டடம் நாட்டில் இதைவிடப் பழையது இல்லை. தூண் வரிசையைப் பார்க்கப் பிளாட்பாரத்திலிருந்து வெளியே வந்து சாலைப் பக்கம் போக வேண்டும். ரயிலிலேயே இருந்தால் பின்புறம்தான் தெரியும்.

மேற்கே நடந்தால் 1910இல் கட்டிய பார்சி அக்கினிக் கோயில். பார்சி அல்லாதவர் உள்ளே போக முடியாது, வாசலில் கேட்டு நச்சரிக்கவும் வேண்டாம். அறிஞர் அண்ணா பூங்காவுக்கு முந்தைய பெயர் ராபின்சன் பூங்கா. 1949 செப்டம்பர் 18 அன்று கொட்டும் மழையில் திமுகவின் தொடக்கக் கூட்டம் நடந்த இடம். கூரை இல்லாமலே ஒரு திறந்தவெளி வரலாற்று அரங்கமானது இங்கே. முதல் நாள் கட்சி உருவானது பவளக்காரத் தெருவில், ஜார்ஜ் டவுனுக்குள். இரண்டையும் ஒரே காலையில் நடந்தே பார்த்துவிடலாம், இடையில் வண்ணாரப்பேட்டைத் துணிக்கடைகளில் நின்றுவிடாமல் இருந்தால்.

காசிமேட்டில் திங்கள்கிழமை கூட்டம் குறைவு. ஞாயிற்றுக்கிழமை விலையில் பாதிக்குச் சங்கரா கிடைத்தது, கிலோ 250. சுத்தம் செய்து தர 30 ரூபாய் தனி. விலை பேசும்போதே வெட்டுக்கூலி சேர்த்தா என்று கேட்டுக்கொள்ளுங்கள். செவுளைத் தூக்கிப் பார்ப்பதை யாரும் தப்பாக எடுப்பதில்லை. "பாரு கண்ணு, நல்லா பாரு, நேத்து மீனு வெக்கிறவ நானில்ல" என்று ஒரு அம்மா தானே திறந்து காட்டினார்.

திரும்பும்போது கவனிக்க: ராயபுரம் கடற்கரைப் பாதையில் இருக்கிறது, சென்ட்ரல் புறநகர் முனையத்துக்குப் போகும் வண்டிகள் இங்கே வருவதில்லை. பிளாட்பாரத்தில் அறிவிப்பைக் கேட்டு ஏறவும்.